எபிசோடு பாய்க்கு ஒரு துணைக்காது

திருச்சி விமான நிலையத்தில் வளைகுடாவுக்குப் போகிற வரிசையில் யாராவது விமானத்தைப் பார்ப்பதற்கு முன்பே நடுங்கிக்கொண்டிருந்தால், அவர் பெட்டியின் ஜிப்பைப் பாருங்கள். அது புதிதாகத் தைத்ததாக இருந்தால் தைத்தவர் எபிசோடு பாய். நடுக்கமும் அவர் கொடுத்து அனுப்பியதுதான்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் உண்டு. அது ரேஷன் கார்டோடு சரி. பாலக்கரைச் சந்தில் பெட்டி ரிப்பேர் கடை. ஜிப், சக்கரம், இழுக்கிற கைப்பிடி, கிழிந்த மூலை எல்லாம் சரிசெய்வார். வெளிநாடு போகிறவர்களின் அட்டைப் பெட்டிக்குக் கயிறு கட்டி, கொக்கித் தராசில் தூக்கி எடை பார்த்துக் கொடுப்பார். இதெல்லாம் மற்ற கடைகளிலும் உண்டு. இவர் கடையில் கூடுதலாக ஒரு வழக்கம் இருந்தது. பெட்டியைக் கொடுக்க வருகிறவர் தான் என்ன பாட்காஸ்ட் கேட்கிறார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் பாய் அதைத் தன் போனில் ஏற்றிக்கொள்வார். பதிலுக்குத் தன் சரக்கிலிருந்து ஒன்றை அவர் போனில் ஏற்றிவிடுவார். இந்தக் கொடுக்கல் வாங்கல் முடிகிற வரை பெட்டி மேஜைக்கு ஏறாது.

அவர் சரக்கு முழுவதும் பயம். பேய், கொலை, கப்பல் மூழ்கியது, சுரங்கம் இடிந்தது, காரணம் தெரியாத காய்ச்சல். சமையல் குறிப்பு பாட்காஸ்ட் ஒன்றை யாரோ கொடுத்தபோது, குக்கர் வெடித்த பாகம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு அழித்துவிட்டார்.

நான் அந்தக் கடைக்கு வேலை தேடிப் போகவில்லை. பையின் வார் அறுந்ததால் போனேன். உப்பிலியபுரத்தில் எட்டாவதோடு படிப்பு நின்ற பிறகு எனக்கு எந்த ஊரும் சரிப்படவில்லை. மணப்பாறையில் முறுக்கு பிழிந்தேன், மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில்லில் இருந்தேன், லாரியில் போனேன், ஹோட்டலில் தட்டுக் கழுவினேன். அன்று திருப்பூருக்குப் பஸ் ஏறப் போய்க்கொண்டிருந்தேன்.

"எந்த ஊரு?"

"உப்பிலியபுரங்க."

"காதுல என்ன போட்டுக் கேப்பீங்க?"

"ஒன்னும் கேக்கறதில்லைங்க."

இரண்டு நாள் சாப்பிடாதவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். வயர் வைத்த இயர்போனின் ஒரு பக்கத்தைத் தன் காதில் சொருகி மறுபக்கத்தை என்னிடம் நீட்டினார். வயர் இல்லாத இயர்போனை அவர் தொடமாட்டார். அது காதிலேயே வெடித்த கதை அவரிடம் இருந்தது.

ஓடியது ஒரு பாழடைந்த பங்களாவின் கதை. அவர் ஊசியை ஏற்றி இறக்கிக்கொண்டே கேட்டார். நானும் கேட்டேன். திடீரென்று வயரைச் சுண்டி இழுத்தார்.

"உம் கொட்டுங்க."

"என்னங்க?"

"கேக்கறப்ப உம் கொட்டணும். நீங்க பாட்டுக்குச் சும்மா இருந்தா நான் என்னன்னு நெனைக்கிறது?"

உம் கொட்டினேன். வார் தைத்து முடிந்தது. கதை முடியவில்லை. அடுத்த பாகம் நாளைக்கு என்றார். அந்தப் பங்களாவில் மாடிக்கு ஏறிப் போன பெண் என்ன ஆனாள் என்று தெரியாமல் திருப்பூர் போக எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே ஒட்டிக்கொண்டேன். கயிறு கட்டுவது, சக்கரம் மாற்றுவது, உம் கொட்டுவது என்று மூன்று வேலை.

மணப்பாறைக்காரர் ஒருவர் முதல் தடவையாகக் குவைத் போனார். பெட்டி நிறைய முறுக்கு. பாய் அவருக்குக் கொடுத்தது விமான விபத்துகள் பற்றிய தொடர். வேண்டாம் பாய் என்று நான் கண்ணைக் காட்டியும் கேட்கவில்லை. சாயங்காலம் போன் வந்தது. பாய் ஸ்பீக்கரில் போட்டார்.

"பாய், உள்ள ஏறி உக்காந்துட்டேன். ஜன்னல்ல பாத்தா ரெக்க ஆடுது."

"ஆடணும்ங்க. ஆடாம வெறைச்சுக்கிட்டு நின்னாத்தான் பயப்படணும். மூணாவது எபிசோடுல வருது பாருங்க."

"மூணாவது கேட்டுட்டுதான் பாய் போன் பண்றேன். இறங்கிடட்டுமா?"

"சும்மா உக்காருங்க. பக்கத்துல யாரு இருக்கா? அவருக்கு ஒரு காதைக் குடுங்க."

போன் அணைந்துவிட்டது. அவர் போய்ச் சேர்ந்த செய்தி வரும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. பாய்க்கும் இறங்கவில்லை. ஆனால் அந்த ஆள் விடுமுறைக்கு வந்தபோது நேரே கடைக்கு வந்து, பேரீச்சம்பழப் பொட்டலத்தை வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்தத் தொடர் அடுத்தது வந்துருச்சா பாய்? பக்கத்துல உக்காந்திருந்த லால்குடிக்காரரும் நானும் இப்ப ஒரே ரூம்தான்."

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமா வந்தார். ரிட்டயரானவர், நெற்றியில் பளிச்சென்று திருமண். அமெரிக்காவில் பெண் வீட்டுக்குப் போகப் பெரிய பெட்டி. என்ன கேட்கிறீர்கள் என்றதும் ஒரு உபன்யாசத் தொடரைச் சொன்னார். பாய் மரியாதையாக ஏற்றிக்கொண்டார். பதிலுக்கு ஏழு கொலைகள் நடக்கிற ஒரு துப்பறியும் தொடரை ஏற்றிவிட்டார். மாமா ஒரு வாரத்தில் பெட்டியே இல்லாமல் வந்தார்.

"பாய், நாலாவது கொலையோட நிறுத்திட்டான். மேல இருக்கா?"

"இருக்குங்க. நீங்க சொன்னதையும் கேட்டேன். தூணைப் பொளந்துக்கிட்டு சிங்கம் வர்ற எடத்துல ஊசி கையில ஏறிருச்சு."

"அது பயப்படற கட்டமில்லை பாய். அனுக்ரஹம் பண்ற கட்டம்."

"தூணுக்குள்ளேருந்து எது வந்தாலும் பயப்படணும்ங்க."

மாமா யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆத்துல தளிகை பண்றச்சே அவ கத்தியைக் கையில எடுத்தாலே நான் எழுந்து வாசலுக்குப் போயிடறேன். முப்பத்தஞ்சு வருஷமா அவளைத் தப்பாப் புரிஞ்சுண்டுட்டேனோன்னு இருக்கு."

இப்படி ஊரைப் பயமுறுத்துகிறவர் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். திருச்சியிலேயே அதிகம் பயந்தவர் அவர்தான். லிஃப்டில் ஏறமாட்டார். காளான் சாப்பிடமாட்டார். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஒவ்வொன்றுக்கும் ஒரு எபிசோடு ஆதாரம் வைத்திருந்தார். பிறகு எதற்குக் கேட்க வேண்டும் என்றால், "பயத்தைப் பங்கு போட்டுக்கிட்டா குறையும்" என்பார். எனக்குத் தெரிந்து அது குறையவே இல்லை. அவருக்கு இருந்தது அப்படியே இருக்க, எனக்கும் புதிதாக ஒரு பங்கு வந்தது. காளானை நானும் விட்டேன்.

அந்த உம் எதற்கு என்பதை அவர் மனைவிதான் சொன்னார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். மதியச் சோறு கொண்டுவரும்போது வாயும் சேர்ந்தே வரும்.

"இவரு சவுதியில இருந்தப்ப ரூம்ல இன்னொருத்தரும் இருந்தாரு தம்பி. ஷிப்டு முடிஞ்சு வந்து ரெண்டு பேரும் கட்டில்ல படுத்துக்கிட்டுப் பேசுவாங்களாம். ஒரு நாளு இவரு பாட்டுக்கு வீட்டுக் கதையெல்லாம் சொல்லிக்கிட்டே இருந்திருக்காரு. அவரு ஒன்னும் சொல்லல. தூங்குறாருன்னு நெனைச்சிருக்காரு. எழுப்பப் போனா கை சில்லுன்னு இருந்துச்சாம். எப்ப மவுத்தானாருன்னே தெரியல. அதுலேருந்து பக்கத்துல ஆளு உம் கொட்டலேன்னா இவருக்கு ஒதறல் எடுத்துரும்."

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் சத்தமாகவே உம் கொட்டினேன்.

ஸ்கேன் எபிசோடு வந்தது அப்போதுதான். எம்.ஆர்.ஐ. மெஷின் என்பது பெரிய காந்தம் என்றும், எந்த நாட்டிலோ அந்த அறைக்குள் கொண்டுபோன இரும்புச் சிலிண்டர் பறந்து போய் உள்ளே படுத்திருந்தவர் மேல் மோதியது என்றும் ஒருவர் கரகரத்த குரலில் சொன்னார். நடுநடுவே மெஷின் சத்தத்தையும் போட்டுக் காட்டினார்கள். பாய் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். நான் உம் கொட்ட மறந்துவிட்டேன்.

பாய் அதைச் சந்து முழுக்க அனுப்பினார். தெரிந்தவர், தெரியாதவர், குவைத்தில் இருக்கிறவர், ஸ்ரீரங்கம் மாமா, எல்லோருக்கும். கூடவே தன் குரலில் ஒரு செய்தி: "எல்லாரும் அவசியம் கேளுங்க. யாரு கூப்பிட்டாலும் அந்த ரூமுக்குள்ள மட்டும் போயிடாதீங்க." அவர் கொடுத்ததிலேயே அதிகம் பேர் கேட்டது அதுதான். டீக்கடையில் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையைக்கூடக் கழற்றி எறிந்தார்.

அடுத்த மாதமே பாயின் இடது கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. மறுபடி விழுந்தது. சட்டைப் பொத்தான் போடச் சிரமப்பட்டார். ஒரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் ஒரு பக்கம் இழுத்து, கொஞ்ச நேரத்தில் சரியானது. அக்கா அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். டாக்டர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார், கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "தலைக்கு ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துடுங்க. தள்ளிப் போடாதீங்க" என்றார்.

பாய் தள்ளிப் போட்டார். முதல் தடவை ஸ்கேன் சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றியவர் செருப்பில்லாமலே ஓடிவந்துவிட்டார். இரண்டாம் தடவை உள்ளே போய், சுவரில் காந்தப் படம் போட்ட எச்சரிக்கைப் பலகையைப் பார்த்து, வாந்தி வருகிறது என்று வெளியே வந்து ஆட்டோ ஏறினார். கடையில் உட்கார்ந்து இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் தைத்தார். அந்தக் கை அங்கே கிடந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வேறு யாருடைய கையோ அவர் மடியில் மறந்து வைக்கப்பட்டதுபோல் இருந்தது.

கடைசியில் அக்கா அழுதபோது பாய் ஒரு நிபந்தனை சொன்னார். "கூட ஒரு ஆளு உள்ள வரணும். கால்மாட்டுல நின்னு பேசிக்கிட்டே இருக்கணும்." விசாரித்ததில் ஸ்கேன் சென்டரிலும் சரி என்றார்கள். உடம்பில் இரும்பு இல்லாத ஆளாக இருக்க வேண்டும். அக்காவுக்கு முட்டியில் பிளேட் வைத்திருந்தார்கள். அவரை விடமாட்டார்கள்.

அப்போதுதான் பாய் செய்த காரியம் அவருக்கே புரிந்தது. சந்தில் யாரைக் கேட்டாலும் அந்த எபிசோடைக் கேட்டிருந்தார்கள். டீக்கடைக்காரர் தனக்குப் பல்லில் ஈயம் அடைத்திருக்கிறது என்று வாயைத் திறந்து காட்டினார். எதிர்க்கடைக்காரர் கல்யாணத்துக்கு வெளியூர் போவதாகச் சொல்லிவிட்டுக் கடைக்குள்ளேயே இருந்தார். அமெரிக்கா போய்த் திரும்பியிருந்த மாமா ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பி வந்தேவிட்டார்.

"நான் வாசல்ல உக்காந்து சஹஸ்ரநாமம் சொல்றேன் பாய். ஒரு தடவை இல்லை, நீங்க வெளியில வர்ற வரைக்கும் சொல்றேன். உள்ள மட்டும் கூப்பிடாதேங்கோ. நீங்கதானே போகப்படாதுன்னேள்."

பாய் என்னிடம் கேட்கவே இல்லை. நான் அந்த எபிசோடைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன். என் முகம் அப்போது எப்படிப் போனது என்று பார்த்தவர் அவர் ஒருவர்தான். அன்று சாயங்காலம் கடையை மூடும்போது அக்காவிடம், "யாரும் வரலேன்னா விட்டுரு. அல்லா பாத்துக்குவான்" என்றார். பொத்தானைப் போட மூன்று தடவை முயன்றுவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.

"நான் வரேன் பாய்" என்றேன். சொன்ன பிறகுதான் அந்தப் பறந்த சிலிண்டர் ஞாபகம் வந்தது.

ஸ்கேன் சென்டரில் ஒரு பெண்தான் டெக்னீஷியன். அலுத்துப்போன குரல். என் பெல்ட், போன், சில்லறை, சாவி எல்லாவற்றையும் வாங்கினாள். அரைஞாண் கயிற்றில் இருந்த தாயத்தையும் அவிழ்க்கச் சொன்னாள். அம்மா கட்டியது, அதுவரை அவிழ்த்ததில்லை. பாய் சட்டையைக் கழற்றி அவர்கள் கொடுத்த அங்கியைப் போட்டுக்கொண்டார். கழற்றிய சட்டையின் காலரில் இரண்டு கோணி ஊசிகள் குத்தியிருந்தன. பாதி வேலையில் எழும்போது அங்கே குத்திவைப்பது அவர் வழக்கம். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "இதோட உள்ள போயிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்மா. எல்லாருக்கும் அனுப்பியிருக்கேன்" என்றார் பாய்.

பிறகு அவர் முடியை, பல்லை, நகத்தைக்கூடச் சோதித்தாள். தலையை ஒரு கூண்டுக்குள் வைத்து மூடினார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்து, முடியவில்லை என்றால் அழுத்தச் சொன்னார்கள். படுக்கை மெஷினுக்குள் போனது. எனக்குத் தெரிந்தது அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும். அவை நடுங்கிக்கொண்டிருந்தன. பெரிய கதவு மூடியது.

"ஆடாதீங்க பாய்" என்றது ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் குரல்.

மெஷின் அடிக்கத் தொடங்கியது. காதில் பஞ்சு வைத்திருந்தும் மண்டைக்குள் அடித்தது. நான் அவர் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் நின்றதும் பேச வாயைத் திறந்தேன். கேட்ட கதை ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. எல்லாவற்றிலும் யாராவது செத்தார்கள் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. அதனால் எனக்கு நடந்த ஒன்றைச் சொன்னேன்.

"மண்ணச்சநல்லூர் மில்லுல உமி குடோன்ல வேலை பாத்தேன் பாய். உமி மலை மாதிரி குமிஞ்சிருக்கும். நாங்க அடியிலேருந்து அள்ளி சாக்குல போடணும். ஒரு நாளு அள்ளிக்கிட்டிருக்கேன், மேலேருந்து சரசரன்னு ஒரு சத்தம். நிமிந்து பாத்தா..."

மெஷின் மறுபடி அடித்தது. நான் நிறுத்தினேன். பாயின் கட்டைவிரல் என் கைக்குள் விறைத்துக்கொண்டு நின்றது. சத்தம் நின்றதும் ஸ்பீக்கர் பேசியது. "பாய் நல்லா படுத்திருக்கீங்க. அண்ணே, நிமிந்து பாத்தா என்ன?"

"மொத்தமும் சரிஞ்சு வந்துருச்சும்மா. கழுத்து வரைக்கும் மூடிருச்சு. கை ரெண்டும் உள்ள. மூச்சை இழுத்தா தூசி, விட்டா நெஞ்சை இன்னும் அழுத்துது."

அதை நான் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. சொல்லும்படி யாரும் கேட்டதும் இல்லை.

"கத்துனேன். மில்லு ஓடுற சத்தத்துல யாருக்குக் கேக்கும். கத்துனா உமி இன்னும் கொஞ்சம் எறங்குது. வாய் வரைக்கும் வந்துருச்சு. அப்ப..."

மெஷின் அடித்தது. இந்தத் தடவை நீளமாக அடித்தது. பாதியில் எங்கோ மணி ஒலித்து மெஷின் நின்றது. பாய் பந்தை அழுத்திவிட்டார். "என்ன பாய், என்ன பண்ணுது?" என்று அந்தப் பெண் பதறினாள்.

குழாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. "எனக்கு ஒன்னும் இல்லம்மா. உப்பிலியபுரத்தானை அந்த எடத்தை முடிச்சிரச் சொல்லு. அப்புறம் மெஷினைப் போடு."

"தலையை ஆட்டாதீங்க. மொதல்லேருந்து எடுக்கணும் இப்ப" என்றாள். பிறகு அலுத்த குரலிலேயே, "சீக்கிரம் முடிங்கண்ணே" என்றாள்.

"கரண்டு போச்சு பாய். மில்லு நின்னுருச்சு. நின்னதும் கத்துனேன். கணக்குப்பிள்ளை காதுல விழுந்துச்சு. ஆளுங்க வந்து தோண்டி எடுத்தாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. மறுநாள் வேலைக்குப் போனேன்."

"அதே குடோனுக்கா?"

"வேற எங்க போறது பாய்."

பிறகு மெஷின் ஓடியது, முதலிலிருந்து. இடையில் நிற்கும்போதெல்லாம் நான் வேறு எதையாவது சொன்னேன். லாரி கவிழ்ந்தது, ஹோட்டல் அடுப்படியில் படுத்தது, பேர் தெரியாத ஊரில் காய்ச்சலில் கிடந்தது. பாய் பேசக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலை லேசாக அசைத்தார். அசையாதபோது எனக்குப் பயம் வந்து விரலைக் கிள்ளினேன். அவர் திருப்பி உதைத்தார்.

வெளியே வந்தபோது மாமா இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அக்கா பாயின் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். பாய் பெஞ்சில் உட்கார்ந்து டீயை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டார்.

"அந்த உமிக்குள்ள இருந்தப்ப பக்கத்துல ஒருத்தனும் இல்லியா?"

"இல்ல பாய்."

"கரண்டு போகலேன்னா?"

"தெரியல பாய்."

அவர் கண் கலங்கியிருந்தது. "நான் கேட்டதுலயே மோசமான எபிசோடு இதான்" என்றார். "இதை நான் யாருக்கும் அனுப்பமாட்டேன்."

ரிப்போர்ட்டில் ஒரு சின்னக் கட்டி இருந்தது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை சாப்பிடுங்கள், வளர்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். மாத்திரையில் கை கொஞ்சம் தேறியது. வாய் இழுக்கவில்லை. கத்தரிக்கோல் பிடிக்கிறார். கட்டி அங்கேயேதான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட் கவரை நீ பிரி, நீ பிரி என்று நாங்கள் மூன்று பேரும் மாற்றி மாற்றித் தள்ளுகிறோம்.

நான் இப்போது ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். இங்கேயும் எவ்வளவு நாள் என்று தெரியாது. எங்கே இருந்தாலும் ஸ்கேனுக்கு முந்தின நாள் பாய் போன் செய்வார். வா என்று கேட்கமாட்டார். பெட்டியெல்லாம் நிறைய வந்திருக்கிறது, மாமா விசாரித்தார் என்று சுற்றி வளைத்துப் பேசுவார். நான் அதற்குள் டிக்கெட் எடுத்திருப்பேன்.

அடுத்த ஸ்கேன் இந்த வெள்ளிக்கிழமை. பழகிவிட்டதா என்று அந்த டெக்னீஷியன் பெண் போன தடவை கேட்டாள். பழகவில்லை. அந்தக் கதவு மூடும்போது எனக்கு இன்றைக்கும் பயம்தான். ஆனால் பாய் அதற்குள் தனியாகப் படுத்திருப்பதை நினைத்துப் பார்த்தால், அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.